ஆழம் தெரிந்து காலை விடுவோம்

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வேலைப் பளுவுக்கு நடுவிலும் வந்திருந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வரவேற்புரை வழங்கிய நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் பெருமகனார் அவர்களே, தீயணைப்பு நிலையத்திலிருந்து சீருடையோடு வந்திருக்கும் நிலைய அலுவலர் அவர்களே, பின்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நகர்மன்றத் தலைவர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். வந்தோம், விளக்கேற்றினோம், அடுத்த விழாவுக்குக் கிளம்பினோம் என்றில்லாமல் கடைசிவரை இருந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இருந்தாக வேண்டிய காரணம் என் பேச்சின் பிற்பகுதியில் வருகிறது. நிலைய அலுவலர் ஐயாவும் தயவுசெய்து இருக்க வேண்டும்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘ஓர் எழுத்தாளரும் அவருடைய வாசகர்களும்’. ஆங்கிலத்தில் சிறுவர்களுக்காகச் சாகசக் கதைகள் எழுதிய ஆர்தர் ரான்சமையும், அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரைக் கைவிடாத வாசகர் கூட்டத்தையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று செய்திகளைச் சொல்லப் போகிறேன். ஒன்று, அந்த வாசகர்கள் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்பது. இரண்டு, ஜப்பான்வரை அந்தக் கதைகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது. மூன்று, இணையம் வந்தபோது அவர்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்பது.

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்கிறது நம் பழமொழி. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வந்தே தீரும் என்று தெரியும். ரான்சமின் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எனக்கு அகப்படவில்லை.

1884இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர் ரான்சம். ரஷ்யப் புரட்சியை அருகிலிருந்து பார்த்துச் செய்தி அனுப்பிய பத்திரிகையாளர். லெனினைச் சந்தித்துப் பேசியவர். ட்ரொட்ஸ்கியின் செயலாளராக இருந்த எவ்ஜீனியாவை மணந்தவர். அந்த மனிதர் பிற்காலத்தில் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் குடியேறி, சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஆல்ட்டூன்யன் குடும்பத்துப் பிள்ளைகள் பாய்மரப் படகோட்டுவதைப் பார்த்தார். 1929 ஜனவரியில், அவருடைய பிறந்தநாளை ஒட்டி, அந்தப் பிள்ளைகள் அவருக்கு ஒரு ஜோடி செருப்பு பரிசளித்தார்கள். சிவப்பு நிறத் துருக்கிச் செருப்பு. அதற்குக் கைம்மாறாக அவர் எழுதிய கதைதான், நான்கு பிள்ளைகள் பாய்மரப் படகில் ஏரித் தீவு ஒன்றுக்குத் தனியாகப் போய்த் தங்கும், 1930இல் வந்த ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’. அதைத் தொடர்ந்து மொத்தம் பன்னிரண்டு நாவல்கள். 1936இல் வந்த ‘பிஜன் போஸ்ட்’ நாவலுக்கு, பிரிட்டனில் சிறுவர் நூலுக்கான கார்னகிப் பதக்கம் முதன்முதலாகக் கிடைத்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ரோஜர். கதையிலும் அதே பெயரில் ஏழு வயதுச் சிறுவனாக வருகிறான். நிஜ ரோஜர் ஆல்ட்டூன்யன் வளர்ந்து மருத்துவரானார். ஆஸ்துமா நோயாளியான அவர் தன் நுரையீரலையே சோதனைக் களமாக்கி, மருந்துகளைத் தானே இழுத்துப் பார்த்து, குரோமோகிளைக்கேட் என்ற ஆஸ்துமா மருந்தைக் கண்டறிந்தார். இந்தக் கூட்டத்தில் இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வாசகர்கள். இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன், நேரம் பற்றித் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாணவிகள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

1930களின் நடுப்பகுதி. இங்கிலாந்தில் ஒரு பெண்கள் பள்ளி. இடியும் மழையும். நனையாமல் ஒதுங்கிய இரண்டு மாணவிகள் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒருத்தி காதரின் ஹல், இன்னொருத்தி பமேலா விட்லாக். பதினான்கு, பதினைந்து வயது இருக்கலாம். இருவருமே ரான்சமின் நாவல்களை வாசித்து வாசித்து ஊறியவர்கள். நமக்குப் பிடித்த மாதிரி ஒரு கதையை நாமே எழுதினால் என்ன என்று பேச்சு வருகிறது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் எத்தனை பேர் எத்தனை திட்டம் போட்டிருப்போம்! மழை விட்டதும் திட்டமும் போய்விடும். இவர்கள் விடவில்லை. முதலில் அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டம் வகுத்தார்கள். எடுத்த எடுப்பில் எழுத உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆழம் பார்த்தார்கள்! பிறகு ஓர் அத்தியாயத்தை இவள் எழுத, அடுத்ததை அவள் எழுத, ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கித் திருத்த, எக்ஸ்மூர் என்ற மேட்டு நிலத்தில் மட்டக் குதிரைகளோடு அலையும் பிள்ளைகளின் கதை வளர்ந்தது. குறுங்கதை இல்லை, முழு நாவல். பாட வேளைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நடுவில் எழுதி முடித்தார்கள்.

முடித்ததை யாரிடம் காட்டுவது? 1937இல் அந்தக் கையெழுத்துப் பிரதியை நேராக ரான்சமுக்கே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? முன்பின் தெரியாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஒரு கட்டுத் தாளை அனுப்புகிறார்கள். “நன்றாக இருக்கிறது, படிப்பில் கவனம் செலுத்துங்கள்” என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருப்போம். ரான்சம் வாசித்தார். வாசித்துவிட்டுத் தன் பதிப்பாளர் ஜொனாதன் கேப்பிடம் எடுத்துச் சென்றார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த சிறுவர் நூல் தன் கையில் இருப்பதாகச் சொன்னார் என்பார்கள். அதே ஆண்டில் அவருடைய சொந்த நாவலும் அதே பதிப்பகத்தில் வெளிவருகிறது! தானே முன்னுரையும் எழுதிக் கொடுத்தார். ‘தி ஃபார் டிஸ்டன்ட் ஆக்சஸ்’ என்ற பெயரில் 1937இலேயே புத்தகம் வந்துவிட்டது. அந்த இரண்டு பெண்களும் அதற்கடுத்தும் கதைகள் எழுதினார்கள். ரான்சமின் வாசகர்கள் இன்றும் அவருடைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் இந்தப் புத்தகத்தையும் அடுக்கி வைக்கிறார்கள். (கைதட்டல்)

இந்தக் கைதட்டல் அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டியது. தமிழாசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் கதை எழுதும் பிள்ளை இருந்தால் அந்த நோட்டை வாங்கி வாசித்துவிடுங்கள்.

இரண்டாவது செய்தி ஜப்பான். ரான்சமுக்கென்று ஒரு சங்கம் பிரிட்டனில் தோன்றியது 1990இல். ஜப்பானில் அவருடைய வாசகர்கள் 1987இலேயே சங்கம் கண்டுவிட்டார்கள். மொழிபெயர்ப்பில் வாசித்த பிள்ளைகள் வளர்ந்து, கடல் கடந்து வந்து அந்த ஏரிகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், நேரமில்லை.

ஏரி என்றேனே, அதில்தான் இந்த வாசகர்களின் உயிர் இருக்கிறது. கதையில் வரும் ஏரி வரைபடத்தில் கிடையாது. விண்டர்மியர், கோனிஸ்டன் என்ற இரண்டு ஏரிகளைக் கலந்து ரான்சம் உண்டாக்கியது. எந்தத் தீவு எது, எந்தப் பாறை எது என்று வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடுகிறார்கள். கோனிஸ்டன் ஏரியில் பீல் தீவு என்று ஒன்று உண்டு. அதன் தென்முனையில் பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சிறு துறைமுகம் அப்படியே கதையில் இருக்கிறது. வீட்டில் தனியாக இருந்து, இந்தப் பாறையை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல ஆள் இல்லாமல் தவித்தவர்களை 1990களில் இணையம் ஒருவரோடொருவர் சேர்த்துவைத்தது. இங்கிலாந்துக்காரரும் ஆஸ்திரேலியக்காரரும் ஒரே பாறையைப் பற்றி வாதாட முடிந்தது. இதுவே என் மூன்றாவது செய்தி. அதை இத்தோடு நிறுத்திக்கொண்டு அந்தத் துறைமுகத்துக்குள் உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன்.

துறைமுகத்தின் வாய் குறுகியது. தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் பாறைகள். உள்ளே எப்படிப் படகைக் கொண்டுவருவது? கரையில் ஒரு மரத்தின் அடிக்கட்டை, அதில் வெள்ளைச் சிலுவைக் குறி. அதற்குப் பின்னால் சற்று உயரத்தில் கவட்டை விழுந்த ஒரு மரம். படகிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். கோடு பிசகாமல் வந்தால் பாறையில் மோதாது. இருட்டிவிட்டால் இரண்டு இடத்திலும் லாந்தர் விளக்கு. உலகத்துத் துறைமுகங்களில் பெரிய கப்பல்கள் நுழையும் முறையும் இதுதான். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஆழம் தெரிந்து காலை விடுகிறார்கள்!

‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ கதையின் முதல் அத்தியாயத்தில், பிள்ளைகள் தனியாகத் தீவுக்குப் போகலாமா என்று கேட்டதற்குக் கடற்படை அதிகாரியான தந்தையிடமிருந்து தந்தி வருகிறது. மூடர்களாக இருப்பதைவிட மூழ்குவதே மேல், மூடர்கள் இல்லையென்றால் மூழ்கமாட்டார்கள் என்று அதற்குப் பொருள். என்ன தகப்பன் இவன் என்று தாய்மார்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அந்தத் தகப்பன் தன் பிள்ளைகளுக்குப் படகும் நீச்சலும் தெரியும் என்பதை அறிந்து எழுதினான். அடுத்த நாவலான ‘ஸ்வாலோடேல்’ கதையில் படகு பாறையில் மோதி மூழ்கிவிடுகிறது. நான்கு பிள்ளைகளும் கரை சேர்கிறார்கள். நீந்தத் தெரியும், அதனால் சேர்கிறார்கள்.

1937இல் வந்த ‘வி டிடின்ட் மீன் டு கோ டு சீ’ நாவலில் இன்னும் கடினமான சோதனை. மூடுபனியில் நங்கூரம் பிடிவிட்டு, அதே நான்கு பிள்ளைகளோடு, பெரியவர்கள் யாருமில்லாத படகு வடகடலுக்குள் அடித்துச் செல்லப்படுகிறது. மூத்தவன் ஜான் கரையை நோக்கித் திரும்பவில்லை. கரையருகே மணல்திட்டுகள், அங்கே திரும்பினால் படகு உடையும், ஆழ்கடல்தான் பாதுகாப்பு என்று முடிவெடுத்து இரவெல்லாம் ஓட்டி ஹாலந்தின் ஃப்ளஷிங் துறைமுகத்தைச் சேர்கிறான். ஆழம் அவனைக் கொல்லவில்லை. தெரியாமைதான் கொல்லும். இதை எழுதுவதற்கு முன் ரான்சம் என்ன செய்தார் தெரியுமா? 1936இல் தன்னுடைய ‘நான்சி பிளாக்கெட்’ படகில் தாமே ஃப்ளஷிங் வரை போய் வந்தார். அந்தப் படகு பிற்காலத்தில் ஸ்கார்பரோ துறைமுகத்தில் சீரழிந்து கிடந்தது. அங்கிருந்து மீட்டுச் சீர்செய்யப்பட்டது. 1997இல் வாசகர்கள் பணம் திரட்டி வாங்கி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். இன்றும் பாய்விரித்து ஓடுகிறது.

ஒரு படகை இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்ற முடியுமென்றால், நம் பிள்ளைகளை நாம் காப்பாற்ற முடியாதா?

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தித்தாளைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது. குளத்தில் குளிக்கப் போனவர்கள், குவாரிக் குட்டையில் இறங்கியவர்கள், தம்பியைக் காப்பாற்றப் போன அக்கா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஜூலை 25ஆம் நாளை மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. நம்மூரில் யாராவது அனுசரித்தோமா? பிள்ளைகளிடம் “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று சொல்லிச் சொல்லி, காலை விடாதே என்பதை மட்டும் மனத்தில் பதித்துவிட்டோம். ஆழத்தைத் தெரிந்துகொள்ள யார் கற்றுக்கொடுத்தோம்?

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் ஒரு பிள்ளை 25 மீட்டர் நீந்த வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அவர்கள் பணக்கார நாடு என்பீர்கள். வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே கிராமத்துக் குளத்துக்குள் மூங்கிலால் தடுப்பும் தளமும் அமைத்து, பிள்ளையின் நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தி நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்கள். நீலநிற ஓடு பதித்த குளம் தேவையில்லை. மூங்கில், கயிறு, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் போதும்.

அம்மையார் அவர்களே, இதற்காகத்தான் உங்களை இருக்கச் சொன்னேன். நம் தெப்பக்குளத்தின் கிழக்குப் படித்துறையில் அப்படி ஒரு தளம் வேண்டும். மே மாதம் முழுவதும் காலையில் இரண்டு மணி நேரம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், பெண் பயிற்றுநர். ரான்சமின் கதைகளில் மிகத் துணிச்சலான கேப்டன் நான்சி பிளாக்கெட் என்ற பெண்தான், அதனால் அவர்கள் கரையில் நின்று துணியைக் காவல் காக்க வேண்டாம். நிலைய அலுவலர் ஐயா, பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் உங்கள் வீரர்கள் இருவரை வாரத்தில் இரண்டு நாள் அனுப்பித் தர வேண்டும். படித்துறையில் மிதவை வளையமும் நீண்ட கயிறும் எப்போதும் தொங்க வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது.

மனு வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் கையெழுத்தோடு பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதுங்கள், எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்பது நகராட்சிக்குத் தெரிய வேண்டும். ரான்சமின் நாவல் ஒன்றை நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துச் செல்லலாம். அதைத் தமிழில் சொல்லிக் கேட்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இதே கூடத்துக்கு வாருங்கள், துறைமுகத்துக்குள் படகு நுழையும் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்.

வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கு நன்றி. வணக்கம்.