பெண்ணாக வாழ ஆசை, காதலும் பெண் மேலேயே: இது குழப்பமா?

அடுத்த கேள்வி ஒரு டீச்சரிடமிருந்து வந்திருக்கிறது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கி வாசிக்கிறேன். "நான் பிளஸ் ஒன் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மாணவி ஒருத்தி 'ஹோரோ முசுகோ' என்ற ஜப்பானிய மங்காவை, அதாவது படக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அதில் வரும் பையனுக்குப் பெண்ணாக வாழ ஆசை. ஆனால் அவன் காதலிப்பதும் பெண்களைத்தான். அப்படியென்றால் பையனாகவே இருந்துவிட்டுப் போகலாமே? எழுதியவருக்கே குழப்பமா? இதையெல்லாம் பிள்ளைகள் படிக்கலாமா?"

டீச்சர், முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்குக் குழப்பம் எதுவும் இல்லை. நான் யார் என்பது ஒரு கேள்வி, என் மனசு யார் மேல் போகிறது என்பது வேறொரு கேள்வி. ஆண்களைக் காதலிக்கும் திருநங்கைகள் உண்டு, பெண்களைக் காதலிப்பவர்களும் உண்டு, யார் மேலும் காதல் வராதவர்களும் உண்டு. மற்ற பெண்கள் எப்படியோ அப்படித்தான். நீங்கள் படித்த கதையிலேயே மகோ என்று ஒரு கதாபாத்திரம் வரும், கவனித்தீர்களா? மகோவுக்கும் பெண்ணாக வேண்டும், ஆனால் பிடிப்பது ஆண்களை. நீங்கள் பையன் என்று சொன்ன கதாநாயகி நிதோரியையும் மகோவையும், எழுதியவரான ஷிமுரா தகாகோ நெருங்கிய நண்பர்களாகவே வைத்திருக்கிறார். ஆசை ஒன்றாக இருந்தும் காதல் வேறு வேறு பக்கம் போவதை நாம் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். (நிதோரியை நான் அவள் என்றே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தெரியாதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2002 முதல் 2013 வரை 'காமிக் பீம்' என்ற இதழில் தொடராக வந்தது, மொத்தம் 15 தொகுதிகள். நிதோரியும் தகாத்சுகியும் ஐந்தாம் வகுப்பில் அறிமுகமாகிறார்கள். நிதோரிக்குப் பெண்ணாக ஆசை, தகாத்சுகிக்கு ஆணாக ஆசை. தங்களை யாருக்கும் தெரியாத ஊருக்கு இரண்டு பேரும் ரயிலேறிப் போய், அங்கே உடையை மாற்றிக்கொண்டு சுற்றுகிறார்கள். பெரிய சம்பவம் ஒன்றும் நடக்காது. தெருவில் நடப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கங்களில் அவர்கள் தோள் தளர்ந்திருக்கும். பள்ளிக்கூடக் காட்சிகளில் அப்படி இருக்காது.

ஏன் என்றால், பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் இருக்கிறது. ஜப்பானில் நடுநிலைப் பள்ளிக்குப் போனதும், பையன் என்றால் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை, பெண் என்றால் மாலுமிக் கழுத்து வைத்த சட்டையும் பாவாடையும் என்று பல பள்ளிகளில் பிரித்துவிடுவார்கள். அதுவரை கலந்து விளையாடிய பிள்ளைகள் ஒரே நாளில் இரண்டு வரிசையாகிவிடுவார்கள். அதே வயதில்தான் உடம்பும் மாறத் தொடங்குகிறது. நிதோரிக்குக் குரல் உடைந்துவிடுமோ என்ற பயம், முகத்தில் பரு. தகாத்சுகிக்கு மாதவிலக்கு. இந்த மாதிரி மங்கா பெரும்பாலும் பள்ளியிலேயே நடப்பதற்கு, படிப்பவர்கள் மாணவர்கள் என்பது மட்டும் காரணமில்லை. நீ யார், யாரோடு சேர வேண்டியவன் என்ற இரண்டையும் ஒரே துணியில் தைத்துக் கொடுக்கும் இடம் அது. காதல் கடிதம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதுகூட அந்தச் சட்டையிலேயே முடிவாகிவிடுகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தகாத்சுகி ஒருநாள் பையன்களின் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறார். கொஞ்சம் சலசலப்பு, அதோடு சரி. தோழிகளுக்கு அது அழகாகக்கூடத் தெரிகிறது. அதற்குப் பிறகு நிதோரி பெண்கள் யூனிஃபார்மில் வருகிறாள். சிரிப்பு, கேலி, மருத்துவ அறை. அப்புறம் பள்ளிக்கு வந்தாலும் வகுப்புக்குப் போகாமல் அந்த மருத்துவ அறையிலேயே உட்கார்ந்திருக்கும் நாட்கள். வீட்டில் அக்கா மஹோவுக்கும் தர்மசங்கடம். அந்த நேரத்தில் நிதோரிக்கு அன்னா என்று ஒரு காதலி இருந்தாள், அக்காவின் தோழி, மாடலிங் செய்கிற பெண். அந்தக் காதலும் அதோடு முறிகிறது.

இரண்டு பேர் செய்ததும் ஒரே செயல். பெண் பேண்ட் போட்டால் துணிச்சல், பையன் என்று ஊர் நினைப்பவள் பாவாடை போட்டால் அவமானம். ஷிமுரா இதை நீட்டி விளக்கவில்லை, முன்னும் பின்னுமாக இரண்டு சம்பவங்களை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிற்பாடு நிதோரியும் அன்னாவும் மறுபடி சேர்கிறார்கள். "பையனாகவே இருந்துவிட்டுப் போகலாமே" என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? பெண்ணைக் காதலிப்பதற்கு வசதியாக இருக்கும் என்று ஒருத்தி தன்னை மாற்றிக்கொள்ள முடியுமானால், நிதோரி அந்த மருத்துவ அறையில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இந்தக் கதையில் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. தகாத்சுகி வளர வளர, ஆணாக வேண்டும் என்ற ஆசை மெல்லக் கழன்று பெண்ணாகவே நின்றுவிடுகிறார். வாழ்க்கையில் அப்படியும் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு திருநம்பிப் பையன் இதைப் படித்தால் அவனுக்கு எங்கே இடம்? அவனுக்கு நான் கொடுப்பது 'பாய்ஸ் ரன் தி ரயட்'. எழுதிய காகு கெய்தோ தானே ஒரு திருநம்பி. 2020 இல் வந்தது, 4 தொகுதிகள்தான். ரியோ என்ற மேல்நிலைப் பள்ளிப் பையன் பாவாடை போடப் பிடிக்காமல் விளையாட்டு உடையிலேயே பள்ளிக்குப் போவான். நெருங்கிய தோழி சிகா மேல் காதல், ஆனால் அவளுக்கு இவன் இன்னொரு தோழி. சொன்னால் நட்பும் போய்விடும், சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் தோழிதான். அந்த நேரத்தில் ஜின் என்ற முரட்டுத் தோற்றமுள்ள பையன் கூட்டுச் சேர்கிறான். இருவரும் சேர்ந்து சட்டை வடிவமைத்து விற்கக் கிளம்புகிறார்கள். பள்ளி ஒரு சட்டையைத் திணித்தால் நாங்களே ஒரு சட்டை செய்துகொள்கிறோம் என்று! எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

இதற்கெல்லாம் முன்னால் இந்த மாதிரிக் கதாபாத்திரம் மங்காவில் இல்லையா என்றால், இருந்தது. 1981 இல் பையன்களுக்கான 'ஷோனென் ஜம்ப்' இதழிலேயே ஹிபாரி என்று ஒருத்தி பெண்ணாகப் பள்ளிக்குப் போனாள். ஆனால் அது நகைச்சுவைத் தொடர். அவள்மேல் மயங்கும் பையன், ஐயோ எனக்கு என்ன ஆயிற்று என்று பதறுவதுதான் ஜோக். ஹிபாரிக்கு என்ன தோன்றுகிறது என்பதற்குள் கதை அதிகம் போகாது. ஆனாலும் அவளைக் கூனிக் குறுகியவளாக வரையவில்லை, நல்ல தைரியசாலி. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்று, 'ஷிமனாமி தசோகரே'. ஹிரோஷிமா மாகாணத்தில் ஒனோமிச்சி என்ற மலையடிவாரத் துறைமுக ஊரில் நடப்பது. தசுகு என்ற பையன் ஆண்களை விரும்புபவன், அது வகுப்பில் தெரிந்துவிடுமோ என்று நடுங்குகிறான். அதில் மிசோரா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை. பாதுகாப்பான ஓர் இடத்தில் மட்டும் பெண் உடை போடும் பிள்ளை அது. தசுகு நல்ல எண்ணத்தில், யுகாதா என்ற கோடைக்கால உடையைக் கட்டிக்கொண்டு கோடைத் திருவிழாவுக்கு வா என்று கிளப்பிக் கூட்டிப் போகிறான். கூட்டத்தில் யாரோ ஒருவன் மிசோராவிடம் தகாத முறையில் கை வைத்துவிடுகிறான். ஆறுதல் சொல்லப் போய் தசுகு நிலைமையை இன்னும் கெடுக்கிறான். டீச்சர், ஆசிரியர்கள் படிக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். ஆதரிப்பவர்கள் பிள்ளையின் வேகத்துக்கு நடக்காமல் தங்கள் வேகத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை.

கதைக்கு வெளியிலும் ஒரு செய்தி. 2015 ஏப்ரலில் ஜப்பானின் கல்வி அமைச்சகம் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பாலின அடையாளத்தால் சிரமப்படும் மாணவர்களுக்கு யூனிஃபார்ம், கழிப்பறை விஷயங்களில் எப்படி இடம் கொடுக்கலாம் என்று அதில் உதாரணங்கள் இருந்தன. 'ஹோரோ முசுகோ' முடிந்து இரண்டு வருடம் கழித்து.

கடைசிக் கேள்வி, படிக்கலாமா? பிளஸ் ஒன் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். ஒரு எச்சரிக்கை: 'ஷிமனாமி' தற்கொலை எண்ணத்தோடு தொடங்குகிறது, மனசு சரியில்லாத பிள்ளையிடம் அதைத் தனியாகக் கொடுக்காதீர்கள். 'ஹோரோ முசுகோ' ஆங்கிலத்தில் 8 தொகுதிகளோடு நின்றுவிட்டது, உங்கள் கைக்கு வந்தது அதற்குள் ஒன்றாகத்தான் இருக்கும். 'பாய்ஸ் ரன் தி ரயட்' முழுசாகக் கிடைக்கிறது. அப்புறம், அந்த மாணவி ஏன் இதைக் கொடுத்தாள் என்று துருவிக் கேட்க வேண்டாம். கதை பிடித்திருந்ததா என்று அவள் கேட்டால், பிடித்தது பிடிக்காதது இரண்டையும் உள்ளபடி சொல்லுங்கள். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவளே சொல்வாள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.