பிளேட்டைத் துடைக்கும் நேரம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் உடற்கல்வி ஆசிரியர்களிடையே பேஸ்பால் அம்பயர் ஒருவர் பேசியது)

வணக்கம். பையன்கள் முணுமுணுப்பது பி.டி. மாஸ்டர்களான உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கிரிக்கெட்டில் பந்துவீசும் முனையில் நிற்கும் அம்பயருக்கு பேட்ஸ்மேன் 22 கெஜம் தள்ளி நிற்கிறார். பேஸ்பாலில் அம்பயரான நாம், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முதுகுக்குப் பின்னால் குனிந்திருக்கிறோம். பேட்டர் பெருமூச்சு விட்டாலும் கேட்கும்.

பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும், தரையில் பதித்த பலகைதான் ஹோம் பிளேட்; அதன் அகலம் 17 அங்குலம். உயரம் சரியாக இருந்து, அதன் ஓரத்துக்கு மேலாகப் பந்து உரசிப் போனாலும், பேட்டர் அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக்தான்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். பையனுக்கு அது வெளியே போன மாதிரிதான் தெரியும். நான் அம்பயரான புதிதில், மூன்றாவது ஸ்ட்ரைக்கை அடிக்காமல் விட்ட ஒருவன், “கண்ணே தெரியல” என்றபடி நடந்தான். “என்னடா சொன்னே?” என்று கத்தினேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் சொன்னது எனக்கும் கேட்சருக்கும்தான் கேட்டது; நான் கேட்டது மைதானத்துக்கே கேட்டது. அவன் மாமா வேலி வரை வந்துவிட்டார். ஆட்டம் அரை மணி நேரம் நின்றது.

முதுகைக் காட்டிப் போகிறவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான், விடுங்கள். மட்டை நுனியால் மண்ணில் கோடு கிழித்து, பந்து போன இடத்தைக் காட்டுகிறானா? வாயே திறக்காவிட்டாலும் விடாதீர்கள். ஹெல்மெட்டை வீசினாலும் அப்படித்தான். எதிரணிப் பையனின் நிறத்தையோ சாதியையோ இழுத்தால், அங்கே மட்டும் நமக்குப் பாம்புச் செவி வேண்டும்.

அமெரிக்காவில் நேஷனல் லீக் என்ற பெரிய தொழில்முறை பேஸ்பால் லீக்கில் 1905 முதல் 1941 வரை அம்பயராக இருந்த பில் கிளெம், சண்டைக்கு வருபவர் முன் ஷூவால் மண்ணில் கோடு போடுவார், தாண்டினால் வெளியே. பெரியவர்களுக்குச் சரி. பதினான்கு வயதுப் பையனுக்குக் கோட்டைக் கண்டால் தாண்டிப் பார்க்கத்தான் தோன்றும்.

என் ஆயுதம் இடுப்புப் பையிலுள்ள சின்ன பிரஷ். டைம் சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பிளேட்டைத் துடைப்பேன். தலை நிமிராமல், “தம்பி, கேட்டுச்சு. இதோட போதும்” என்பேன். யாருக்கும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று அடிக்கிற ஊர், பிளேட்டில் மண்ணுக்கா பஞ்சம்!

போன வருடம் ஒரு கேட்சர் பையன் பேட்டிங்கில் அவுட்டாகி என்னை முணுமுணுத்துக்கொண்டே போனான். எனக்குக் கேட்கவில்லை. அடுத்த இன்னிங்ஸில் மட்டையில் பட்டுத் திசைமாறிய ஒரு ஃபவுல் பந்து என் தோளில் பட்டது. வலி உயிர் போனது. அவன் டைம் கேட்டு, பந்து வீசும் பிட்சரிடம் ஏதோ பேசப் போகிறவன் போல மெல்ல நடந்தான். நடுவழியில் திரும்பி, நான் நிமிர்ந்துவிட்டேனா என்று பார்த்தான். இன்னும் இல்லை. ஷூ கயிற்றைக் கட்ட உட்கார்ந்தான்.