துளை விழும் முன் சுவரைப் படியுங்கள்: வீட்டில் மின் டிரில் பயன்படுத்துவது பற்றி

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. புதுத் திரைச்சீலைக்குக் கம்பி மாட்ட வேண்டும், சாமி மேடையைச் சுவரில் ஏற்ற வேண்டும், தொலைக்காட்சிக்குத் தாங்கி பொருத்த வேண்டும் என்று, கோலாலம்பூரில் செந்தூல் முதல் செராஸ் வரை பல வீடுகளில் டிரில் மெஷின் அலமாரியை விட்டு வெளியே வரும் நேரம் இது. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் நான்கு துளைக்குக் கேட்கும் கூலி அதிகம் என்று பலரும் தாங்களே செய்யத் துணிகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் இந்த உரையில் பாதி நேரம் டிரில்லைப் பற்றிப் பேசப்போவதில்லை, சுவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏனென்றால் இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான தவறு, விசையை அழுத்துவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. துளைக்கும் இடத்தைப் பென்சிலால் குறிக்கிறீர்களே, அந்த நேரத்தில்.

நம் வீடுகளில் மின்கம்பிகள் பெரும்பாலும் சுவருக்குள்தான் ஓடுகின்றன. செங்கல்லில் காடி வெட்டி, பி.வி.சி. குழாயைப் பதித்து, மேலே சிமெண்ட் பூசி மறைத்திருப்பார்கள். வெளியே தெரிவது சுவிட்சும் பிளக்கும் மட்டும். அந்தக் கம்பி மேலிருந்து இறங்கியிருக்கலாம், தரையிலிருந்து ஏறியிருக்கலாம், பக்கத்துப் பிளக்கிலிருந்து படுக்கையாகவும் வந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, இடம் வலம் என்று நான்கு திசையிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை இருப்பதாக மனத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைக்குள் துளை வேண்டாம். வெறும் வெள்ளை மூடி போட்ட பெட்டி சுவரில் இருந்தால் அதையும் பிளக்காகவே கணக்கில் சேருங்கள். மூடிக்குப் பின்னால் கம்பி இருக்கும்.

சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பார்க்க வேண்டும். இதைப் பலரும் மறக்கிறார்கள். உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால், ஷவருக்கும் ஹீட்டருக்கும் போகும் தண்ணீர்க் குழாய் அதே சுவருக்குள் நின்றுகொண்டிருக்கும். ஏர்கான் உள்ள அறை என்றால் இன்னொரு சங்கதி உண்டு. கொண்டோ அடுக்குமாடிகளில் கேஸ் ஓடும் செப்புக் குழாய், தண்ணீர் வடியும் குழாய், மின்கம்பி மூன்றையும் ஒரே காடியில் பதித்துவிடுவார்கள். ஏர்கானுக்குக் கீழே ஒரு படம் மாட்டத் துளை போட்டு, செப்புக் குழாயில் ஓட்டை விழுந்தால் சுவரை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

பழைய வீடுகளில், குறிப்பாகப் பல முறை புதுப்பித்த வீடுகளில், இந்த விதிகளை மட்டும் நம்பக்கூடாது. நேராகக் கொண்டுபோக வேண்டிய கம்பியைக் குறுக்கே இழுத்திருப்பார்கள். கம்பியைக் கண்டுபிடிக்கும் சிறிய கருவி ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கிறது. வாங்கினால் முதலில் சுவிட்சுக்கு மேலே, கம்பி இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயே சத்தம் போடாத கருவி வேறெங்கும் உதவாது. மின்சாரம் ஓடும் கம்பியைத்தான் அது நன்றாகக் காட்டும் என்பதால், சோதிக்கும்போது மின்சாரம் இருக்க வேண்டும். சோதித்து, இடத்தைக் குறித்த பிறகு அந்த அறைக்குரிய மின்சாரத்தை நிறுத்துங்கள். விளக்கு, பிளக், ஏர்கான் மூன்றுக்கும் மெயின் பெட்டியில் எம்.சி.பி. எனப்படும் சிறு சுவிட்ச் தனித்தனியாக இருப்பது வழக்கம், மூன்றையும் இறக்குங்கள். டிரில்லுக்கு வேண்டிய மின்சாரத்தை, வேறு எம்.சி.பி.யில் உள்ள சமையலறைப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொண்டு வாருங்கள். கம்பிச் சுருள் உள்ள எக்ஸ்டென்ஷன் என்றால் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். சுருண்டு கிடக்கும் கம்பியில் சூடு வெளியேற வழி இல்லை, உறை உருகத் தொடங்கும்.

மெயின் பெட்டியைத் திறந்தபோதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். அதில் ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்று சொல்லும் பெரிய சுவிட்ச் இருக்கும். மின்சாரம் உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால் அதை உணர்ந்து துண்டிப்பது அதுதான். அதன் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறதா, 100 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறதா என்று படியுங்கள். கையில் பிடிக்கும் கருவிக்கு 30தான் தேவை. பழைய வீடுகளில் வீடு முழுமைக்கும் 100 ஒன்றுதான் இருக்கும். ஆளைக் காப்பாற்ற அது போதாது. அப்படிப்பட்ட வீட்டில், பிளக்கிலேயே செருகக்கூடிய 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியை இடையில் போடுங்கள், அல்லது பேட்டரி டிரில் பயன்படுத்துங்கள். மெயின் பெட்டியில் உள்ள அந்தப் பெரிய சுவிட்சில் 'டி' (T) என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் துளை வேலை இன்றைக்கு வேண்டாம், வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இனி கருவி. பெரும்பாலான டிரில்களின் உடலில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். உள்ளே இரட்டைக் காப்பு இருக்கிறது, எர்த் கம்பி தேவையில்லை என்பது அதன் பொருள். உறை வெடித்திருந்தாலோ, கம்பி கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் தோல் உரிந்திருந்தாலோ அந்தக் காப்பு போய்விட்டது. கறுப்பு டேப் சுற்றி ஓட்டாதீர்கள். காற்றுத் துளைகள் வழியே சிறு நீலப் பொறி தெரிவது இயல்பு. ஆரஞ்சு நிறத்தில் வளையமாகப் பொறி பறந்து கருகல் வாடை வந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு கார்பன் பிரஷ்களும் தேய்ந்துவிட்டன. இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். புதிதாக வாங்குவோர் டிரில்லிலும் எக்ஸ்டென்ஷனிலும் மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

துளையிடும் அலகான பிட்டை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இரண்டு கையும் திருகும்போது விசை உள்ளங்கையில் அழுந்துவது சாதாரணமாக நடப்பது. பேட்டரி டிரில் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். சக் சாவியைக் கம்பியின் பிளக் முனையில் கட்டி வையுங்கள். அப்போது சாவி கைக்கு எட்ட வேண்டும் என்றாலே பிளக்கைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். இறுக்கும்போது சக்கின் மூன்று துளைகளிலும் சாவியைப் போட்டு இறுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இறுக்கினால் பிட் கோணலாக நின்று ஆடும், துளை பெரிதாகும், ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் வால் பிளக் நிற்காது.

சுவருக்கு எந்தப் பிட்? முனையில் அம்பு போல் டங்ஸ்டன் கார்பைடு துண்டு பற்றவைத்திருப்பது செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும். இரும்புக்கான பிட்டைச் சுவரில் போட்டால் அரை நிமிடத்தில் முனை மழுங்கி, சூடேறி, நீலம் பாரித்துவிடும். 6 மில்லிமீட்டர் வால் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட்.

உடுப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய கயிறு, முடியாத கூந்தல், இவை எல்லாம் சுழலும் பிட்டுக்கு இரை. தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறையும் கூடாது. நூல் பிட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய கண்ணாடி வேண்டும். மூக்குக்கு, இரண்டு பட்டை உள்ள என்-95 முகக்கவசம். செங்கல், கான்கிரீட், டைல் மூன்றின் தூளிலும் சிலிக்கா இருக்கிறது. அதில் மிக நுண்ணியது கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். துளைக்குக் கீழே ஒரு காகித உறையை வாய் திறந்தபடி டேப்பால் ஒட்டிவிட்டால் தூளில் பாதி அதிலேயே விழும். குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். பழைய வீட்டின் அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டிலோ கூரைப் பலகையிலோ எந்தக் காரணத்துக்காகவும் துளையிடாதீர்கள். அந்தத் தூள் புற்றுநோயைத் தருவது.

இப்போது துளைக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறாதீர்கள். நான்கு காலும் தரையில் பதியும் ஏணி வேண்டும். சுற்றுவதோடு சுத்தியல் போல் இடிக்கவும் செய்யும் ஹேமர் முறையை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பிட் பிடித்துக்கொண்ட பிறகு ஹேமரைப் போடுங்கள். இப்போது வெளிவரும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் கலந்த வெளிர்தூள் வந்தால் அது பூச்சு. சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை அதுதான் வரும். பிறகு சிவப்பாக மாறினால் செங்கல். தூள் சாம்பல் நிறமாகவே தொடர்ந்து, பிட் நகர மறுத்தால் கான்கிரீட். வெள்ளை மாவு வந்து திடீரென்று பிட் உள்ளே பாய்ந்தால் அது ஜிப்சம் பலகை. சாதாரண வால் பிளக் அங்கே எதையும் தாங்காது, பலகைக்கென்று விரியும் பிளக் தனியாக உண்டு.

இந்தப் பூச்சுக் கணக்கு முக்கியமானது. திரைச்சீலைக் கம்பி சில மாதங்களில் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 30 மில்லிமீட்டர் பிளக்கை 30 மில்லிமீட்டர் துளையில் போட்டால், அதில் பெரும்பகுதி உதிரும் பூச்சில்தான் நிற்கிறது. 55 முதல் 60 மில்லிமீட்டர் ஆழம் துளைத்து, பிளக்கைப் பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை தள்ளி, அதற்கேற்ற நீளமான ஸ்க்ரூவைப் போடுங்கள். வேண்டிய ஆழத்தைப் பிட்டில் வண்ண டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் இந்த டேப் கட்டாயம்.

உடல் பாரத்தைப் போட்டு அழுத்தாதீர்கள். ஒவ்வொரு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் பிட்டைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளைக் கொட்டிவிட்டு மறுபடி நுழையுங்கள். தூள் அடைத்துக்கொண்டால் பிட் சூடேறிச் சிக்கும். புதிய கொண்டோக்களில் சுவரே கான்கிரீட்டாக இருக்கும், உள்ளே இரும்புக் கம்பி இருக்கும். பிட் அந்தக் கம்பியில் மாட்டிய நொடியில் பிட் நின்றுவிடும், டிரில்லின் உடல் சுற்றத் தொடங்கும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதும், ஏணியிலிருந்து ஆள் தள்ளப்படுவதும் இப்படித்தான். அதனால்தான் பக்கக் கைப்பிடியைத் தந்திருக்கிறார்கள். அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் பூட்டி, இரண்டு கையாலும் பிடியுங்கள். விசையை அழுத்திய நிலையில் நிறுத்தும் பூட்டுப் பொத்தானைக் கையில் பிடித்து வேலை செய்யும்போது தொடவே வேண்டாம். கை நழுவினாலும் டிரில் சுற்றிக்கொண்டே இருக்கும். இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி வேறு துளை போடுங்கள். கட்டடத்தைத் தாங்கும் கம்பியை அறுக்க நமக்கு உரிமை இல்லை.

குளியலறை டைலில் ஹேமர் முறை கூடாது, டைல் வெடிக்கும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் பிட் வழுக்காது. டைலைத் தாண்டும்வரை டைல் பிட், பிறகு சுவர் பிட். கெட்டியான போர்சலின் டைலுக்கு வைர முனை பிட்டும், அதைக் குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் புழங்கும் வேலைக்குப் பேட்டரி டிரில்தான். மாலை மழையில் நனைந்த பால்கனிக்கும் இதே விதி. குளியலறைத் தரையில் துளையிடாதீர்கள். தரைக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்தால் கீழ் வீட்டில் ஒழுகும். கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகினால், வேறு ஆதாரம் காட்டாதவரை பழுது மேல் வீட்டில்தான் என்று அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பல அடுக்குமாடிகளில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் துளையிடத் தடை உண்டு. நேரத்தை நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் குழாயில் பட்டுவிட்டால்? மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வால்வை மூட வேண்டும். அடுக்குமாடியில் அது வீட்டுக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில் இருக்கும். வேலை தொடங்குமுன்பே போய்ப் பார்த்து, கையால் திருகமுடிகிறதா என்று சோதித்து வையுங்கள்.

மின்கம்பியில் பட்டால் பெரும்பாலும் ஒரு வெடிச் சத்தம் கேட்கும், சுவிட்ச் விழும். யாருக்காவது மின்சாரம் தாக்கி அவர் கருவியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள், பிறகு 999க்கு அழையுங்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், விழுந்த சுவிட்சைத் திரும்பத் தூக்கிப் பார்க்கக்கூடாது. காப்பு கிழிந்த கம்பி சுவருக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருக்கும், சில நாள் கழித்துத் தீப்பிடிக்கலாம். அந்த எம்.சி.பி.யை இறக்கி, யாரும் ஏற்றாதபடி மேலே டேப் ஒட்டிவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனை வரச் சொல்லுங்கள். அவர் வரும்வரை துளையைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். பிட் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்துத்தான் எங்கே சுவரைத் திறப்பது என்று அவர் முடிவு செய்வார்.