அந்த ஒரு செகண்ட் சிக்கிடுச்சு!

வணக்கம் மக்களே! இப்பதான் கரையேறி வந்தேன், தலைகூட இன்னும் காயல. ஆனா இதை உங்ககிட்ட சொல்லாம எனக்கு இருப்பே கொள்ளல. கிளீனர் ராஸ்னு, மத்த மீனைச் சுத்தம் பண்ற ஒரு குட்டிக் கடல்மீன். அது ஏமாத்துற அந்த ஒரு செகண்டைப் படம் பிடிக்க முடியலன்னு ரெண்டு வீடியோவா புலம்பிட்டே இருந்தேனே, இன்னிக்கு சிக்கிடுச்சு!

கிளீனர் ராஸ் வேலை செய்ற இடம்னா நம்ம சேனல்ல எல்லாருக்கும் தெரியும். பாறை ஓரத்துல அது பாட்டுக்கு மேலயும் கீழயும் துள்ளிட்டு நிக்கும். பெரிய பெரிய மீனெல்லாம் தானா வந்து, வாயைத் திறந்து, செவுளை விரிச்சு அசையாம நிக்கும். இது உள்ளயே பூந்து ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னுட்டு வரும். அஞ்சாளைன்னு பாம்பு மாதிரி நீளமா இருக்குற மீன், அது வாய்க்குள்ள போயிட்டு முழுசா வெளிய வந்ததை நாமளே பாத்தோம்ல!

ஆனா அதுக்கு உண்மையிலேயே பிடிச்ச சாப்பாடு ஒட்டுண்ணி இல்ல. மீன் உடம்பு மேல இருக்குற வழவழப்பு இருக்கு பாருங்க, அதுதான். ஒட்டுண்ணியை விட்டுட்டு நைசா அதை ஒரு கடி கடிச்சிடும், அதான் இதோட ஏமாத்து. கடிபட்ட மீன் வெடுக்குன்னு ஒரு உதறு உதறும். அந்த உதறலைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்.

முதல் தடவை கேமராவைத் தண்ணி படாம மூடி வைக்கிற கூட்டுக்குள்ள பனி மாதிரி படிஞ்சு எல்லாமே மங்கல். ரெண்டாவது தடவையும் அதே கதை! நாப்பது நிமிஷம் மூச்சை அளந்து அளந்து விட்டு எடுத்தது அத்தனையும் வீண். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. கடைசில பாத்தா, கூட்டை ஈரக் கையோட மூடிருக்கேன், உள்ள மாட்டின ஈரம்தான் தண்ணி குளிர்ச்சிக்கு அப்படியே கண்ணாடில படிஞ்சிருக்கு. இன்னிக்கு கையைத் துடைச்சு, காத்தாடிக்கு அடியில உக்காந்து கூட்டை மூடி, உள்ள ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டைச் சொருகினேன். கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்துச்சு மக்களே!

இப்ப பாருங்க. இடது பக்கம் வர்றது கிளிமீன். ராஸ் அதோட வயித்தோரமா போகுது... போகுது... இதோ! உதறுச்சா? கிளிமீன் கோவிச்சுட்டுத் திரும்புது. இந்தப் பொடிசு என்ன பண்ணுது பாருங்க, ஓடிப்போய் அது முதுகு மேல ஏறி, வயித்துத் துடுப்பால தடவிக் குடுக்குது. சமாதானம்! கிளிமீனும் நின்னுடுச்சு. நான் தண்ணிக்குள்ளயே கத்திட்டேன்.

அடுத்து களவா வருது. இது மத்த மீனைப் பிடிச்சுத் திங்கிற மீன். முழு நேரமும் எண்ணிப் பாத்தேன், ஒரு உதறல்கூட இல்ல. அதோட வாய்க்கு எதிர்ல நின்னு கடிச்சு வைக்க ராஸுக்கென்ன பைத்தியமா! வேற மீன் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தாலும் ராஸோட ஏமாத்து குறையும்னு சோதிச்சே காட்டியிருக்காங்க.

ஐயோ, அளவு சொல்ல மறந்துட்டேன், புதுசா வந்தவங்களுக்கு. ராஸ் நல்லா வளந்தாலே 14 சென்டிமீட்டர்தான். ஏமாத்துதுன்னு சொன்னதும் தப்பா நினைச்சுடாதீங்க. ஆஸ்திரேலியாவுல லிசார்ட் தீவுல எண்ணிப் பாத்திருக்காங்க, ஒரே ஒரு ராஸ் ஒரு நாளைக்கு சுமார் 1,200 ஒட்டுண்ணி தின்னுது.

அதனாலதான் இதைக் கண்ணாடித் தொட்டியில வளக்குறவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ரெண்டு மூணு மீன் இருக்குற தொட்டியில அத்தனை ஒட்டுண்ணிக்கு அது எங்க போகும்? நிறைய பட்டினியில வாடித்தான் சாகுது. 'டாக்டர் ஃபிஷ்தானே, காலை விட்டா கடிக்குமே'ன்னு கேக்குறவங்களுக்கு நாலாவது தடவையா சொல்றேன், அது நன்னீர்ல வாழ்ற கெண்டை ஜாதி. இதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!

இன்னொண்ணு, போன வீடியோல 7வது நிமிஷத்துல நான் ராஸ்னு காமிச்சது ராஸே இல்ல. அதே நீலம், அதே கறுப்புப் பட்டை, அதே துள்ளல் நடை, ஆனா பிளென்னிங்கிற வேற மீன். சுத்தம் பண்ண வர்ற மாதிரி வந்து துடுப்பைக் கடிச்சுட்டு ஓடுற மீன். மன்னிச்சுக்கோங்க. வாயைப் பாத்தா தெரியும். ராஸுக்கு வாய் மூஞ்சி நுனியில இருக்கும், பிளென்னிக்கு மூக்குக்குக் கீழ தள்ளி இருக்கும். அந்த இடத்தை நிறுத்திப் பாருங்க, நான் இப்ப கிளிமீன் உதறலை மெதுவா ஓட விடுறேன்.