பெட்ரோல் வாசனை அடிக்குதே, கெட்டுப்போச்சா? திமொராஸோ ஒயின் – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "திமொராஸோன்னு ஒரு இத்தாலிய வெள்ளை ஒயின் பரிசா வந்துச்சு. லேபிள்ல 2018னு இருக்கு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே திறந்தோம். பழ வாசனைக்குப் பதிலா பெட்ரோல் வாசனை அடிக்குது. நிறமும் வெள்ளையா இல்ல, நல்ல மஞ்சளா இருக்கு. ரெண்டு கிளாஸ் போக மிச்சம் அப்படியே இருக்கு. கெட்டுப்போச்சா? ஊத்திடலாமா?"

தயவுசெஞ்சு ஊத்திடாதீங்க. நீங்க சொல்ற ரெண்டு விஷயமும், அதாவது அந்த வாசனையும் அந்த மஞ்சளும், ஏழெட்டு வருஷம் ஆன திமொராஸோல இருக்க வேண்டியதுதான். இல்லாம இருந்தாதான் கொஞ்சம் யோசிக்கணும். மிச்சத்தைச் சின்ன பாட்டில்ல, 375 மில்லி பாட்டில் கிடைச்சா நல்லது, வாய் வரைக்கும் நிரப்பி மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. உள்ள காத்து கம்மியா இருக்கணும், அதுக்குத்தான் சின்ன பாட்டில். மூணு நாள் தாங்கும். இந்த ஒயின் பல நேரம் ரெண்டாம் நாள்தான் நல்லாவே இருக்கும்.

இப்ப அந்தப் பெட்ரோல் எங்கிருந்து வருதுன்னு பாப்போம். டி.டி.என்.னு சுருக்கமா சொல்ற ஒரு வேதிப்பொருள் இருக்கு. ரீஸ்லிங்ங்கிற வெள்ளை ஒயின் பழகினவங்களுக்கு இந்த வாசனை நல்லாத் தெரியும், அதே பொருள்தான். கேரட்டுக்கு நிறம் குடுக்குற கரோட்டினாய்டு வகை திராட்சைத் தோல்லயும் உண்டு. பழம் பழுக்கும்போது அது உடையுது. உடைஞ்ச துண்டு சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு வாசனையே இல்லாம ஒயினுக்குள்ள கிடக்கும். அப்புறம் பாட்டிலுக்குள்ள, ஒயினோட புளிப்பு வருஷக்கணக்குல வேலை செஞ்சு அந்தப் பிணைப்பை அவிழ்க்குது. அப்பதான் வாசனை வெளிய வருது. அதனாலதான் புது ஒயின்ல இது தெரியாது. புளிப்பு அதிகமா இருக்கணும், காலமும் ஆகணும். திமொராஸோல புளிப்புக்குப் பஞ்சமே இல்ல.

கொத்து மேல நேரடியா வெயில் பட்டா இந்தப் பொருள் கூடும். பாட்டிலைச் சூடான இடத்துல வெச்சிருந்தா சீக்கிரமே தலை தூக்கும். மூடியும் இதுல ஒரு பங்கு வகிக்குது. கார்க் இந்த வாசனையில கொஞ்சத்தை உறிஞ்சிக்கும், திருகு மூடி உறிஞ்சாது. இந்த ஒயினுக்கு மறுவாழ்வு குடுத்த வால்தெர் மாஸா இத்தாலியில திருகு மூடிக்காக வாதாடுறவங்கள்ல ஒருத்தர். அவரோட பாட்டில்கள்ல இந்த வாசனை கொஞ்சம் தூக்கலாத் தெரிஞ்சா ஆச்சரியப்படாதீங்க.

நிஜமாவே கெட்டுப்போன ஒயினை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நனைஞ்ச அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடிச்ச நிலவறை மாதிரி வாசனை வந்தா அது கார்க் கோளாறு. காத்தாட வெச்சாலும் போகாது, நேரம் ஆக ஆக இன்னும் மோசமாகும். கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுக்கலாம். அழுகின முட்டை, எரிஞ்ச தீக்குச்சி வாசனை வந்தா ஒயின் மூச்சு முட்டிக் கிடக்குன்னு அர்த்தம். கிளாஸ்ல நல்லா சுழட்டி, கால் மணி நேரம், இருபது நிமிஷம் விடுங்க, பெரும்பாலும் போயிடும். நிறம் பழுப்பா மாறி, வெட்டி வெச்ச ஆப்பிள் வாசனையோட நாக்குல சப்புன்னு இருந்தா, காத்து புகுந்து வீணாப்போச்சு. ஆனா தங்க மஞ்சள் நிறம், நாக்குல புளிப்பு உயிரோட இருக்கு, தேன், காய்ஞ்ச பூ, பாதாம், அதுக்கு மேல பெட்ரோல், இப்படி இருந்தா அது கோளாறு இல்ல. நீங்க காசு குடுத்து வாங்க வேண்டியதே அதைத்தான்.

உங்க கேள்வியில ஒரே ஒரு தப்பு இருக்கு. அது ஒயின்ல இல்ல, "ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே"ங்கிற இடத்துல. வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரி இருக்கும். அந்தக் குளிர்ல திமொராஸோ பழம், பூ எல்லாத்தையும் மூடி வெச்சுக்கும். புளிப்பும் லேசான கசப்பும் பெட்ரோலும் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். வெளிய எடுத்து அரை மணி நேரத்துக்கு மேல விடுங்க. ஊத்தும்போது 12 டிகிரி, குடிச்சு முடிக்கும்போது 14, அதுதான் கணக்கு. ஐஸ் பக்கெட் வேணாம். வாய் குறுகின சின்ன கிளாஸ் வேணாம், சிவப்பு ஒயினுக்கு வெச்சிருக்கிற வயிறு அகலமான கிளாஸை எடுங்க, மூணுல ஒரு பங்கு ஊத்துங்க. அஞ்சாறு வருஷம் தாண்டின பாட்டில்னா ஒரு மணி நேரம் முன்னாடியே திறக்கலாம், ஜாடியில மாத்தினா இன்னும் நல்லது. சுருக்கமா, வெள்ளைன்னு மறந்துட்டு சிவப்பு ஒயினை நடத்துற மாதிரி நடத்துங்க.

இன்னொரு விஷயம். இது 13.5 சதவீதத்துல இருந்து 14.5 வரைக்கும் போற ஒயின். 14 சதவீதம்னா 150 மில்லி கிளாஸ் ஒண்ணுல 16 கிராமுக்கு மேல ஆல்கஹால் இருக்கு. வெள்ளை ஒயின்தானேன்னு ரெண்டாவது கிளாஸை அலட்சியமா ஊத்தாதீங்க.

திமொராஸோங்கிறது ஒயினோட பேர் மட்டும் இல்ல, அதைப் பண்ற திராட்சையோட பேரும் அதுதான். சரி, இவ்வளவு நல்ல திராட்சைன்னா ஏன் யாருக்கும் தெரியல? இதோட ஊர் பியமோந்தே மாநிலத்தோட தென்கிழக்கு மூலை, தோர்த்தோனா நகரத்தைச் சுத்தின கொல்லி தோர்த்தொனேசி குன்றுகள். ஃபிலொக்ஸெராங்கிற வேர்ப்பேன் ஐரோப்பாவோட கொடிகளை அழிச்ச பிறகு எல்லாரும் தோட்டத்தைத் திரும்ப நட வேண்டி வந்துச்சு. அப்ப விவசாயி நிச்சயமா காய்க்கிறதைத்தான் நடுவார். பக்கத்துல காவிங்கிற ஊரோட ஒயினுக்குப் பேர் போன கொர்தேஸே திராட்சை இருந்துச்சு. வருஷம் தவறாம கூடை நிறைக்கும். திமொராஸோ அப்படி இல்ல, பாடாப் படுத்தும்.

எப்படின்னா, பூக்குற நேரத்துல மழையோ குளிரோ வந்தா மகரந்தம் சரியா சேராது. ஒரே கொத்துல சில பழம் பெருசா, சிலது விதையே இல்லாம மிளகு அளவுல பச்சையா நின்னுடும். இத்தாலியில இதை அச்சினெல்லாத்தூரான்னு சொல்லுவாங்க. பறிக்கும்போது பழுத்ததும் பழுக்காததும் சேர்ந்தே வரும். அந்தப் பச்சைக் குண்டுமணிகளைப் பொறுக்கி எடுக்காம பிழிஞ்சா ஒயின்ல கசப்பு ஏறிடும். அதைத் தாண்டி வந்தா, பழுத்த பிறகு பழம் காம்புல நிக்காது, உதிர ஆரம்பிச்சுடும். ஒரு வாரம் பொறுப்போம்னு நினைச்சா தரையில கிடக்கும். கொடியும் மதமதன்னு வளர்ற ஜாதி. உரம் தாராளமா போட்டா இலைதான் கிடைக்கும். இலையைக் கழிச்சாகணும், ஆனா ரொம்பக் கழிச்சா வெயில் நேரா கொத்து மேல விழும். அப்ப என்ன ஆகும்னு மேல பாத்தோம், பெட்ரோல் அளவுக்கு மீறிப்போயிடும். காலை வெயில் படுற பக்கம் மட்டும் இலையை எடுத்து, மதிய வெயில் பக்கம் விட்டுவெக்கிறது நல்ல வழி.

இப்படியே போயி கிட்டத்தட்ட காணாமப்போன திராட்சையை மொன்லெயாலே கிராமத்துல வால்தெர் மாஸா தனியா எடுத்து ஒயினாக்கினார். 1987 அறுவடையில இருந்து அந்தக் கதை ஆரம்பிக்குது. அப்புறம் மத்தவங்களும் நட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு வியெத்தி, போர்கோன்யோ மாதிரி பரோலோங்கிற சிவப்பு ஒயின்ல பேர் வாங்கின நிறுவனங்களே இங்க வந்து திமொராஸோ பண்றாங்க. சிவப்பு ஒயின்ல ஊறினவங்க ஒரு வெள்ளையைத் தேடி வர்றாங்கன்னா அது சும்மா இல்ல.

மண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. பூமியோட வரலாத்துல 1.16 கோடி வருஷத்துக்கும் 72 லட்சம் வருஷத்துக்கும் நடுவுல இருந்த காலத்துக்கு தோர்த்தோனியன்னு பேர். இந்த தோர்த்தோனா ஊரை வெச்சுத்தான் புவியியல்காரங்க அந்தப் பேரைக் குடுத்தாங்க. அப்ப கடலுக்கு அடியில படிஞ்ச சுண்ணாம்பு கலந்த சாம்பல் நிறக் களிமண்தான் இங்க பல தோட்டங்கள்ல இருக்கு. களிமண் ஈரத்தைப் பிடிச்சு வெக்குறதால கோடையில கொடி ரொம்பக் காய்ஞ்சு போகாது.

ஒயின் பண்ற இடத்துல பெருசா வித்தை ஒண்ணும் இல்ல. சில பேர் பிழியறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு நாள் குளிர்ல தோலோட ஊற வெப்பாங்க. அதுக்கு மேல போனா கசப்பு. நொதிச்ச பிறகு அடியில தங்குற ஈஸ்ட் மண்டியோட மாசக்கணக்குல விட்டு, அப்பப்ப கலக்கி விடுவாங்க. புளிப்போட கூர்மையை அந்த மண்டிதான் மழுக்கி, நாக்குல ஒரு கனம் குடுக்கும். எஃகுத் தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ போதும். புது ஓக் பீப்பாயில போட்டா வெனிலா வாசனைதான் மிஞ்சும், என்னைக் கேட்டா அது பாவம்.

வாங்கும்போது லேபிள்ல "தெர்த்தோனா"ன்னு இருந்தா குழம்பாதீங்க, தோர்த்தோனாவோட ரோமானியர் காலத்துப் பேர் அது. திமொராஸோவைத்தான் குறிக்குது. "பிக்கொலோ தெர்த்தோனா"ன்னு இருந்தா இளசா குடிக்கிறதுக்குன்னு பண்ணினது, ஆழம் எதிர்பார்க்காதீங்க, விலையும் கம்மியா இருக்கும். தனித் தோட்டத்துப் பேரோட வர்றது நீண்ட நாள் தாங்கும்: மாஸாவோட கோஸ்தா தெல் வெந்தோ, ஸ்தெர்பி, லா கொலொம்பெரா பண்ணையோட இல் மொந்தீனோ, க்ளாவுதியோ மரியோத்தோவோட பிதாஸோ. சைக்கிள் பந்தய ரசிகர்களுக்கு ஒண்ணு சொல்லணும். பந்தய வீரர் ஃபவுஸ்தோ கோப்பி பிறந்த கஸ்தெல்லானியா கிராமம் இந்தக் குன்றுகள்லதான் இருக்கு. அவர் குடும்பத்து மரீனா கோப்பி பண்ணையோட திமொராஸோவுக்கு பேரே "ஃபவுஸ்தோ"தான்.

முதல் தடவை வாங்குறவங்க விலை கூடின தனித் தோட்டத்துக்குப் போகாதீங்க. சாதாரண தெர்த்தோனா, அறுவடை ஆகி மூணு நாலு வருஷம் ஆனது, அதுல ஆரம்பிங்க. தனித் தோட்டம்னா ஆறுல இருந்து பத்து வருஷத்துக்குள்ள திறக்கலாம். அதுவரைக்கும் 12, 14 டிகிரியில, இருட்டுல, கார்க் பாட்டிலைப் படுக்க வெச்சு. அடுப்பு மேல இருக்கிற அலமாரியில வெச்சா பத்து வருஷத்துக் கோலம் ரெண்டே வருஷத்துல வந்துடும்.

சாப்பாட்டுக்கு அந்த ஊர்க்காரங்க மொந்தெபோரே சீஸ் வெப்பாங்க, மாட்டுப்பாலோட செம்மறியாட்டுப்பாலும் கலந்து, அடுக்கு கேக் மாதிரி மூணு தட்டா அடுக்கினது. இறைச்சி பொதிஞ்ச அன்யொலோத்தி பாஸ்தா, காளான், பன்றி ரோஸ்ட், டியூனா சாஸ் ஊத்தின கன்னுக்குட்டி இறைச்சி, எல்லாத்துக்கும் ஈடு குடுக்கும். ஒத்து வராதது மென்மையான பச்சை மீனும் இனிப்பு சாஸும். மீன் ருசியை ஒயின் அமுக்கிடும், இனிப்பு பக்கத்துல இருந்தா ஒயின் வெறும் புளிப்பாத் தெரியும்.