கடைசி மூணடிக் குழாய்

(பட்டிமன்றத் தலைப்பு: வேலூர்த் தெருக்களின் தண்ணீர்க் கவலையைத் தீர்ப்பது தொலைதூரக் குழாயா, வீட்டு மொட்டை மாடியா? இடம்: சத்துவாச்சாரி, ஆடிக் கூழ்த் திருவிழா மேடை. ‘மொட்டை மாடியே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, மத்தியானம் குடித்த கூழின் தெம்பில் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத தாய்மார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா நம்ம ஊர் வசனத்தோடு ஆரம்பித்தார். மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், இதுதான்யா வேலூர் என்றார். ஆறே இல்லாத ஊருக்கு மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவருவதை விட்டால் வேறு வழி ஏது என்று கேட்டார். கைதட்டலும் விழுந்தது. ஆனால் ஐயா, அந்த வசனத்தில் ஒன்று காலாவதியாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1981-ல் இதே சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாமி வந்தாச்சு. ஆறும் அப்படித்தான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை மறந்துவிட்டீர்களா? பாலத்து மேலே நின்று செல்போனில் படம் பிடித்தோம். தண்ணீர் நமக்கு டாட்டா காட்டிவிட்டு வயலூர் வரைக்கும் போய்க் கடலில் கலந்தது.

காவிரி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. குடிக்க, சமைக்க அது வரட்டும். ஆனால் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீர் அது. வழியில் எங்கே குழாய் உடைந்தாலும், எந்த நீரேற்று நிலையத்தில் கரண்ட் போனாலும், நம்ம தெருவில் குடம் வரிசை கட்டும். நம்ம தலைக்கு மேலே விழுகிற தண்ணீருக்கு மோட்டாரும் வேண்டாம், வால்வு திறக்க ஆளும் வேண்டாம்.

கணக்குக்கு வருகிறேன். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். ஆவியாவது, சிந்துவது, கழுவிக் கொட்டுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 25 மி.மீ. பெய்கிற ஒரு சாயங்கால மழைக்கே 1,850 லிட்டர் நிற்கிறது. வருஷத்து மழையை 900 மி.மீ. என்று குறைத்தே வைத்தாலும் 67,000 லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரியில் ஐந்தரை லோடு! ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அரசாங்கக் கணக்கில் பார்த்தால், நாலு பேர் வீட்டுக்கு நாலு மாதத் தண்ணீர்.

இந்த இடத்தில்தான் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா ஒரு நல்ல கேள்வியைப் போட்டார்கள். “மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2003-லேயே சட்டம் வந்துடுச்சே, வீட்டுக்கு வீடு குழாயும் போட்டாச்சே, அப்புறம் ஏன் தீரல?” என்று. நியாயமான கேள்வி. குழாய் இருக்கிறது அம்மா. அதன் கடைசி மூணடிதான் சரியில்லை.

மாடியிலிருந்து கீழே இறங்கும் அந்த நாலங்குலக் குழாயைப் பாருங்கள். பாதி வீட்டில் தரைக்கு ரெண்டடி மேலே அந்தரத்தில் முடிந்திருக்கும். வாசலுக்கு டைல்ஸ் போட்டபோது, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழிமேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று எல்போவை, அதாவது குழாயைக் குழிப் பக்கம் திருப்பும் வளைவை, கழற்றியிருப்பார்கள். தண்ணீர் தெருவுக்குப் போகும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்ட சிமெண்ட் ரோடு வாசலைவிட உயரமாக இருப்பதால், அதே தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். மழைநீர் சேகரிப்புதான், சேகரிக்கிற இடம் கூடம்!

சரியாகச் செய்கிறவர்களும் முதல் கழுவலில் ஏமாந்து போகிறார்கள். முதல் மழையில் மாடித் தூசி, புறா எச்சம், வேப்பஞ்சருகு, காக்கா போட்ட எலும்பு எல்லாம் இறங்கும். தீபாவளிக்கு மறுநாள் மழை என்றால் வெடிக் காகிதமும் கந்தகமும் சேர்ந்து வரும். இதை வெளியே தள்ள, குழாயில் ஒரு கிளை விட்டு அடியில் மூடி போடுவார்கள். முதல் தண்ணீர் அதில் நிறைந்துவிட்டால் பிற்பாடு வருவது சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு, திரும்பும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு சரி, அளவுதான் தப்பு. மூணடி நீள நாலங்குலக் குழாய் எவ்வளவு பிடிக்கும்? 7 லிட்டர். ஒரு மி.மீ. கழுவலே 93 லிட்டர் ஆயிற்றே! மிச்ச 86 லிட்டர் எச்சத் தண்ணீர் நேராகச் சம்ப்புக்குள். அப்புறம் “மழத் தண்ணி நாறுது இன்னாபா” என்றால், மழை என்ன பண்ணும்? அந்தக் கிளைக்கு அடியில் 100 லிட்டர் மூடி போட்ட டிரம் ஒன்றை வையுங்கள். மழை விட்டதும் அடித் திருகைத் திறந்து காலி பண்ணுங்கள். காலி பண்ண மறந்தால் அடுத்த மழைக்கு அது வேலை செய்யாது. அவ்வளவுதான் அதிலுள்ள சூட்சுமம்.

மாடிக்குப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் சாய்வு வேண்டும். தண்ணீர் இறங்கும் வாயில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி வலை வேண்டும். தட்டை வலை போட்டால் நாலு வேப்பிலை அடைத்துவிடும். ஆயிரம் சதுர அடிக்கு நாலங்குலக் குழாய் ரெண்டு இறக்கினால் பெருமழைக்குத் தாங்கும்.

அடுத்தது குழி. மூணடி நீளம், மூணடி அகலம், அஞ்சடி ஆழம் என்று மேஸ்திரி வெட்டுகிறார். வெறும் குழியில் 1,270 லிட்டர் பிடிக்கும். ஜல்லி கொட்டியதும் சந்து இடுக்கு மட்டுமே மிச்சம். அதிகபட்சம் 500 லிட்டர். மழை கொடுப்பதோ 1,850! ஆகவே ஒரு குழியோடு நிறுத்தினால் வழியும். நாலு குழி வெட்டுவது, அல்லது முதலில் 5,000 லிட்டர் சம்ப்பை நிரப்பி, அதிலிருந்து வழிவதைக் குழிக்கு விடுவது நல்லது. அடியில் 40 மி.மீ. ஜல்லி மூணடி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி ஒரு அடி, அதன்மேல் நைலான் வலை, மேலாக அரையடி பெருமணல். அந்த வலையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வலை இல்லாவிட்டால் முதல் வருஷத்திலேயே மணல் ஜல்லிக்குள் இறங்கிக் குழி அடைத்துக்கொள்ளும். வீடு இடித்த சுண்ணாம்பு, சிமெண்ட் கட்டிகளைக் கொட்டுவதும் அதே கதி. ஆடி பிறக்கும் முன்னால் மேல்மணலை மூணு அங்குலம் சுரண்டி அலசிப் போட வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து அஞ்சடியாவது தள்ளி வெட்டுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடிக் குழாயை நேராகப் போர்க் குழாய்க்குள் விடாதீர்கள். நம்ம ஊர் பாறை. அதில் தண்ணீர் நடக்கிற வழியே மெல்லிய வெடிப்புகள்தான். சேறு போனால் அந்த வெடிப்பு அடைத்து, இருக்கிற ஊற்றும் போகும். பழைய கிணறு இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரெண்டடிக்கு ரெண்டடியில் சேறு படிய ஒரு வண்டல் தொட்டி கட்டி, அதிலிருந்து குழாயைக் கிணற்றுச் சுவரோடு தண்ணீர் மட்டம் வரை இறக்குங்கள். மேலேயிருந்து கொட்டவிட்டால் அடிச் சேறு கலங்கும்.

சந்தில் முன்வாசலே இல்லாதவன் எங்கே குழி வெட்டுவான் என்று கேட்டீர்கள். கொசப்பேட்டை, சலவன்பேட்டைச் சந்துகளில் நாலைந்து வீட்டுக் குழாயைச் சேர்த்து ஒரு பொதுக் குழிக்கோ, மூடிக் கிடக்கும் பொதுக் கிணற்றுக்கோதான் விட முடியும். அதற்கு மாநகராட்சி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். வாடகை வீட்டுக்காரர் கையில் குழாய் இல்லை என்பதும் சரி. ஆனால் லாரித் தண்ணீருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறவர் அவர்தான், ஓனரிடம் கேட்கிற பாத்தியதை அவருக்கு உண்டு.

கொசு பற்றி எதிரணி ரொம்பவே பயமுறுத்தினார்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். ஒழுங்கான குழியில் தண்ணீர் ஒருநாள், மிஞ்சினால் ரெண்டு நாள். சந்தேகமா? குழியை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, ரெண்டாம் நாள் காலையில் எட்டிப் பாருங்கள். இன்னும் நின்றால் அடியில் களிமண்ணோ பாறையோ இருக்கிறது, இடத்தை மாற்றுங்கள். ஆனால் கொசு எங்கே வளர்கிறது, சொல்லட்டுமா? குழாய்த் தண்ணீர் எப்போது வருமோ என்று வீட்டு ஓரத்தில் வாரக்கணக்கில் மூடாமல் பிடித்து வைத்திருக்கிறோமே, அந்த டிரம்மில். அது எங்கள் அணிக் கொசு இல்லை, உங்கள் அணிக் கொசு!

போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றி யாருமே பேசவில்லை. பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கடுக்கென்று நிற்கிறது, ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறது. நம்ம நிலத்தடி நீர் கெட்ட கதைக்கு, தோல் பதனிடும் ஆலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே சாட்சி. அந்த வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. மழைநீரில் உப்பு சொற்பம். உங்கள் போரில் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 1,500 என்றும் சம்ப்பு மழைநீரில் 50 என்றும் வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 775. பருப்பு வேகும். ஆனால் தோல் கழிவு இறங்கிய நிலத்தடி நீரை, மழைநீர் கலந்தாச்சே என்று குடித்துவிடாதீர்கள். உப்பு குறைவது வேறு, தோல் பதனிடுவதில் வரும் குரோமியம் என்ற உலோகம் போவது வேறு. சம்ப்பு மழைநீரைக் குடிப்பதானாலும் காய்ச்சியே குடியுங்கள். சம்ப்பு மூடியில் வெளிச்சம் நுழைய ஊசி இடம்கூட விடாதீர்கள். வெளிச்சம் பட்டால் பாசி.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, தீர்ப்பு சொல்லும் முன்னால் ஒரே ஒரு நிமிஷம் திரும்பி, இந்த மேடைக்குப் பின்னால் இருக்கிற கட்டடத்தைப் பாருங்கள். மாடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் இறங்குகிறது பாருங்கள், முடிகிற இடத்தில் எல்போ இல்லை. அடியில் மண் அரித்துக் கிடக்கிறது. மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது ஐயா, இன்னும் அரை மணி நேரத்தில் இங்கேயே நேரில் பார்க்கலாம்.