கப்பலில் உறக்கத்துக்கும் கணக்கு வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

2010 ஏப்ரல் 3. ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டோன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்ட ‘ஷென் நெங் 1’ என்ற கப்பல், அன்று மாலை 5 மணியளவில் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுப் பகுதியில் டக்ளஸ் ஷோல் என்ற இடத்தில் தரைதட்டியது. இன்னும் இருட்டக்கூட இல்லை. எஞ்சினில் கோளாறும் இல்லை. திருப்ப வேண்டிய இடத்தில் கப்பலைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் என்ற முறைக் காவல் பணியைப் பார்த்தவர் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. துறைமுகத்தில் சரக்கு ஏற்றத்தை மேற்பார்வை செய்தவரும் அவரே. தரைதட்டுவதற்கு முந்தைய 38.5 மணி நேரத்தில் அவர் உறங்கியது வெறும் 2.5 மணி நேரம் என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணை அறிக்கையில் எழுதியது.

இப்படிப்பட்ட செய்தி வந்தால் ‘அவர் பொறுப்பில்லாதவர்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை நேர்மாறு. வேலையை விடாமல் பார்த்ததால் வந்த களைப்பு அது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கப்பல் பணியாளர்களுக்கு எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச விதி வைத்திருக்கும் மது வரம்பும் அதே 0.05 சதவீதம்தான். மது குடித்து வாட்சுக்கு வந்தால் வேலை போய்விடும். உறங்காமல் வந்தால் ‘நல்ல உழைப்பாளி’ என்கிறோம்!

விதி என்ன சொல்கிறது? எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. எந்த 7 நாளிலும் குறைந்தது 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு துண்டு குறைந்தது 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்று ஒரு சிறிய கப்பலின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டே ஆபீசர்கள், 6 மணி நேரம் வேலை, 6 மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி ஓடும் கப்பல்.

நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை வாட்ச். அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் முடிய 6.15. குளியல், காலை உணவு, அரைகுறையாக நிற்கும் பேப்பர் வேலை எல்லாம் முடிந்து படுக்கும்போது மணி 8. பகல் 12 மணி வாட்சுக்கு 11.15க்கே எழுந்தாக வேண்டும். உறக்கம் மூன்றேகால் மணி நேரம். மாலை 6 மணிக்கு மறுபடி இறங்கி, சாப்பிட்டு, வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் படுத்தால் 7.30. ஆனால் இரவு 7 மணி, 8 மணி என்பது உடல் உறங்க மறுக்கிற நேரம். புரண்டு புரண்டு 8.30க்குக் கண் அயர்ந்தால் 11.15க்கு எழுப்பிவிடுவார்கள். இரண்டையும் கூட்டினால் 6 மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. பதிவேட்டிலோ ஓய்வு 12 மணி நேரம் என்று பளிச்சென்று நிற்கும்!

இன்னொன்றும் கவனியுங்கள். 6 மணி நேர ஓய்வில் ஹேண்ட் ஓவருக்கு 10 நிமிடம் போனாலே அந்தத் துண்டு 5 மணி 50 நிமிடம் ஆகிவிடுகிறது, விதி உடைந்துவிடுகிறது. அந்த 10 நிமிடத்தை யாரும் எழுதுவதில்லை. எழுதினால் கணினி சிவப்பு காட்டும், கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டு மெயில் வரும். மால்மோவில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் ‘சரிக்கட்டும்’ பழக்கத்தைப் பற்றியதுதான். என் கருத்து: சிவப்பு வரட்டும். உண்மையை எழுதுங்கள். அந்தப் பதிவேட்டில் நீங்களும் கையெழுத்திட வேண்டும், அதன் நகலைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஆள் போதவில்லை என்று நாளைக்குச் சொல்ல உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அது.

சரி, இருக்கிற ஆளை வைத்து என்ன செய்வது? முதலில் துறைமுகத்தைப் பாருங்கள். நடுக்கடலை விடத் துறைமுகம்தான் ஆளைக் கொல்கிறது: வழிகாட்டும் பைலட் ஏறும் நேரம், கயிறு கட்டுதல், சரக்கு, பங்கர் என்ற எரிபொருள் நிரப்பல், சோதிக்க வரும் சர்வேயர், ஏறும் படியில் நிற்கும் கேங்வே டியூட்டி. எனவே துறைமுகம் வருவதற்கு முந்தைய நாளே கேப்டன் உட்கார்ந்து, ‘வெளியே போகும்போது முதல் வாட்சை யார் பார்ப்பது, அவர் எந்த மணி முதல் எந்த மணி வரை உறங்குவார்’ என்று பெயர் போட்டு எழுத வேண்டும். சரக்கு ஏற்றத்தை முழுக்கப் பார்த்தவரை முதல் வாட்சில் போடக் கூடாது. வேறு ஆள் இல்லையா, கேப்டனே அந்த வாட்சை எடுத்துக்கொள்ளட்டும். கேப்டனும் உறங்கவில்லையா, நங்கூரம் போட்டு 6 மணி நேரம் நிற்பது அவமானமில்லை.

பிரிட்ஜில் ஆள் இருக்கிறாரா என்று கண்காணிக்கும் அலாரம் ஒன்று உண்டு. 3 முதல் 12 நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தவில்லை என்றால் முதலில் விளக்கு மின்னும்; 15 நொடி கழித்துப் பிரிட்ஜில் ஒலிக்கும்; இன்னும் 15 நொடியில் கேப்டனோ மாற்று ஆபீசரோ இருக்கும் இடத்தில் ஒலிக்கும். தொந்தரவாக இருக்கிறது என்று இதை அணைத்துவைக்கும் கப்பல்கள் உண்டு. அணைக்காதீர்கள். இருட்டில் லுக்அவுட் பார்ப்பவரை, அதாவது சுற்றிலும் கடலைக் கண்காணிப்பவரைப் பெயிண்ட் அடிக்கவும் துடைக்கவும் கீழே அனுப்பாதீர்கள். அதிகாலை 2 முதல் 6 வரை உடல் தானாகவே தாழ்ந்து போகிற நேரம். பக்கத்தில் பேச ஒருவர் இருப்பதே பாதுகாப்பு. ஒரே ரேடியோ செய்தியை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தால், சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், வைத்த புள்ளி கப்பல் போகாத இடத்தில் விழுந்தால், கேப்டனைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

காபி உதவும், ஆனால் நேரம் பார்த்து. குடித்த அரை மணியில் வேலை செய்யத் தொடங்கும். அதில் பாதி 5 மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். அதனால் வாட்சின் தொடக்கத்தில் குடியுங்கள், முடிவில் வேண்டாம். குட்டித் தூக்கம் போடுவதானால் 20 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்து அரை மணி வரை மந்தமாக இருக்கும். எழுந்த உடனே வாட்சுக்கு ஓடாதீர்கள். கடல் நோய்க்குப் போடும் அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. வாட்சுக்கு முன்னால் தானாக எடுத்து விழுங்க வேண்டாம்.

கேபினில் ஒளி புகும் இடுக்கை டேப் போட்டு அடையுங்கள். காதில் அடைப்பான், கதவில் ‘வாட்ச் முடித்து உறங்குகிறார்’ என்ற சீட்டு. கப்பல் உருளும்போது, மெத்தையின் வெளி ஓரத்துக்குக் கீழே லைஃப் ஜாக்கெட்டைச் செருகினால் மெத்தை சுவர் பக்கம் சாய்ந்து பள்ளமாகிவிடும், உடல் உருளாது. பழைய கப்பல்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

எஞ்சின் ரூம்காரர்களுக்கு ஒரு விஷயம். இரவில் ஆளில்லாமல் ஓடும் எஞ்சின் ரூமில் டியூட்டி எஞ்சினியரை அலாரம் நாலு முறை எழுப்பினால் அது உறக்கமே இல்லை. அப்படி எழுப்பப்பட்டவருக்கு ஈடான ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அடுத்த நாள் காலை 8 மணிக்கு அவரை வழக்கம்போல வேலைக்குக் கூப்பிடுவது தவறு. அதோடு, எந்த அலாரம் அடிக்கடி வருகிறது என்று பார்த்து அந்த சென்சாரைச் சரிசெய்யுங்கள். பல கப்பல்களில் ஒரே ஒரு கெட்டுப்போன சென்சார்தான் மொத்த இரவையும் தின்கிறது.

வீட்டில் இருப்பவர்களே, இப்போது பெரும்பாலான கப்பல்களில் வைஃபை இருக்கிறது. நமக்கு இரவு 9 மணி என்றால் ஜப்பான் பக்கம் இருப்பவருக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். கப்பல் கடிகாரம் என்ன காட்டுகிறது, எந்த வாட்ச் என்று முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் வாட்ச் முடித்துச் சாப்பிடும் அரை மணி நேரத்தில் பேசுங்கள். வங்கி, நிலம், பள்ளிக்கட்டணம் பற்றிய சண்டையை அவர் படுக்கப் போகும் நேரத்தில் தொடங்க வேண்டாம். எழுதி அனுப்பினால் எழுந்ததும் படித்துக்கொள்வார்.

நன்றி. வணக்கம்.